பெயர்ப் பட்டை உதிர்ந்த டிவி கேம்: கோட்டாற்றில் கிடைத்த 1977 பெட்டியை அடையாளம் கண்டு ஓடவைத்த கதை

பழைய டிவி கேம் ஒன்றை அடையாளம் காண வேண்டுமானால் மேல்மூடியில் எழுதியிருக்கும் பெயரை நம்பிவிடக் கூடாது. 1970களின் பிற்பகுதியில் ஹாங்காங் தொழிற்சாலைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியான சர்க்யூட் போர்டை வெவ்வேறு பிளாஸ்டிக் கூடுகளில் அடைத்து, வாங்கும் நிறுவனம் கேட்ட பெயரை ஒட்டி அனுப்பின. பினாடோன், ஹானிமெக்ஸ், கிராண்ட்ஸ்டாண்ட் என்று பெயர்கள் மாறும். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை பங்காளிகள். எனவே பெட்டியின் பிறப்பைச் சொல்பவை மூன்று: போர்டின் நடுவே இருக்கும் ஐசியின் (சில்லின்) எண், அதன்மேல் அச்சிட்ட தேதிக் குறி, தகரக் கூண்டுக்குள் இருந்து படத்தை டிவி சேனல் அலையாக மாற்றி அனுப்பும் மாடுலேட்டரின் சேனல். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, பெயரே இல்லாத ஒரு பெட்டியை நான் அடையாளம் கண்டதையும் ஓடவைத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட பெட்டிகள் கிடைப்பதற்குக் காரணம் வளைகுடா. 1970களில் தொடங்கி குளச்சல், தேங்காப்பட்டணம், தக்கலைப் பக்கங்களிலிருந்து வேலைக்குப் போனவர்கள் விடுமுறைக்கு வரும்போது டேப் ரெக்கார்டர், டார்ச் லைட், வாசனைத் திரவியத்தோடு பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பெட்டியும் கொண்டுவந்தார்கள். அன்று ஊரில் டிவியே அரிது என்பதால் பல பெட்டிகள் சில நாள் மட்டுமே ஓடி, பிறகு மச்சுக்குப் போயின. இன்று ஓட்டு வீடுகளை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுகிறார்கள். மச்சில் இருந்தவை ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, வருகின்றன. கடைக்காரருக்கு அது பிளாஸ்டிக் எடைக் கணக்கு. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெட்டி உடைபட்டு எடைக்குப் போகும்போது, அது எந்த ஊர் வழியாக எந்த வீட்டுக்கு வந்தது என்ற செய்தியும் சேர்ந்தே அழிகிறது. அதனால்தான் நான் விலை கேட்பதற்கு முன் ‘இது எந்தப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது அண்ணாச்சி?’ என்று கேட்கிறேன்.

இந்தப் பெட்டி கோட்டாற்றில் ஒரு ஆக்கர் கடையில் கிடைத்தது. குளச்சல் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து வந்த சாக்கில் இருந்ததாகக் கடைக்காரர் சொன்னார். பழுப்பு நிறக் கூடு, முன்பக்கம் பெயர்ப் பட்டை இருந்த இடத்தில் பசைத் தழும்பு மட்டும். வயரோடு சேர்ந்த இரண்டு கைப்பிடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு திருகு குமிழ். மேலே விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச், மூன்று சிறு சுவிட்சுகள், ஒரு ரீசெட் பொத்தான். பின்னால் ஒரு வட்டத் துளை. துப்பாக்கி மாட்டுவதற்கான ஐந்து முனை டிஐஎன் (DIN) சாக்கெட். கேசட் போடும் இடம் இல்லை.

திறப்பதற்கு முன்பே வெளித்தோற்றம் நிறையச் சொல்லும். கேசட் வாய் இல்லையென்றால் விளையாட்டுகள் ஐசிக்குள்ளேயே நிலையாகப் பதிந்தவை. வேறு விளையாட்டு போட முடியாது. திரையில் மதிப்பெண் வந்து, பந்து மோதும்போது ஒலியும் வந்தால் அது 1972இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசியாக இருக்க வாய்ப்பே இல்லை. ரால்ஃப் பேயர் உருவாக்கிய பழுப்புப் பெட்டியிலிருந்து பிறந்த அந்த முதல் வீட்டுக் கருவியில் ஒலி கிடையாது, மதிப்பெண் கிடையாது, மைக்ரோபிராசசரும் கிடையாது, டிரான்சிஸ்டர்களும் டயோடுகளும்தான். டிவி கண்ணாடியின்மேல் வண்ணப் பிளாஸ்டிக் தாளை ஒட்டித்தான் மைதானத்தை வரவழைத்தார்கள். அதில் செருகும் அட்டைகளைப் பார்த்து ‘கேசட்’ என்று நினைப்பவர்கள் உண்டு. அவற்றில் நினைவகம் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் இணைப்புகளை மாற்றிப்போடும் வயர்த் துண்டுகள்தான். 1975இல் அட்டாரி, பந்தை மட்டையால் அடித்து ஆடும் தன் வீட்டு பாங் கருவியை அமெரிக்காவின் சியர்ஸ் கடைகள் வழியாக விற்றது. அடுத்த ஆண்டு ஜெனரல் இன்ஸ்ட்ரூமென்ட் நிறுவனம் ஏவை-3-8500 என்ற ஒற்றை ஐசியை வெளியிட்டதும் நிலைமை தலைகீழானது. டென்னிஸ், கால்பந்து, ஸ்குவாஷ், தனிப்பயிற்சி, இரண்டு துப்பாக்கி விளையாட்டுகள் என ஆறும் 28 கால் கொண்ட ஒரே துண்டில் அடங்கின. சுற்றிலும் சில ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வைக்கத் தெரிந்த எவரும் டிவி கேம் தயாரிக்கலாம் என்றாயிற்று. கோலிகோவின் டெல்ஸ்டார் முதலில் அதைச் செய்தது. பிறகு உலகெங்கும் நூற்றுக்கணக்கான பெயர்கள். நம் ஊர் மச்சுகளுக்கு வந்து சேர்ந்தவற்றில் பல இந்தக் கூட்டம்தான்.

அடிப்பக்கம் இருந்த திருகுகளில் துரு ஏறியிருந்தது. தலையை வழுக்கவிட்டால் பிளாஸ்டிக் தூண் உடையும். எனவே ஒவ்வொன்றிலும் ஒரு துளி மெஷின் ஆயில் விட்டு ஓர் இரவு விட்டுவைத்தேன். மறுநாள் எல்லாம் சத்தமில்லாமல் சுழன்று வந்தன. உள்ளே தூசி, பூச்சிக் கூடு, காய்ந்த பல்லி முட்டைகள். பேட்டரிப் பெட்டியில் நடு அளவு செல்கள் ஆறும் அப்படியே இருந்தன, அதாவது 9 வோல்ட். அவை கசிந்து, தகட்டுச் சுருள்களில் பச்சையும் பழுப்புமாகப் படிந்திருந்தன.

பேட்டரிக் கசிவைச் சுத்தம் செய்வதில் எந்த வகைப் பேட்டரி என்று பார்ப்பது முக்கியம். ஆல்கலைன் என்றால் கசிவது காரம், அதற்கு வினிகர். இங்கே இருந்தவை பழைய துத்தநாக-கார்பன் செல்கள். அவற்றின் கசிவு அமிலத்தன்மை உடையது. ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். நுரை அடங்கியதும் தூய தண்ணீர், பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். சிவப்பு வயரின் நுனியைச் சீவினால் செம்பு கருத்திருந்தது. அரிப்பு பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஏறிப் போயிருந்தது. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போய், குறைந்த நீளத்துக்குப் புது வயர் சேர்த்தேன். கருத்த செம்பில் ஈயம் ஒட்டாது. ஒட்டியதுபோல் தெரிந்தாலும் அடுத்த மழைக்காலத்தில் விட்டுவிடும்.

கடலோரத்தில் இருந்து வந்த பெட்டி என்பது உள்ளே தெளிவாகத் தெரிந்தது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்ட வீடுகளில் கிடைக்கும் கருவிகளில் பூஞ்சையும் ஈரமும்தான் பிரச்சினை, துடைத்தால் போய்விடும். முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருவிகளில் உப்பு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. உப்பு படிந்த போர்டு ஆண்டில் இரண்டு முறை ஈரம் உறிஞ்சுகிறது. ஆல்கஹாலில் உப்பு எளிதில் கரைவதில்லை, தண்ணீரில்தான் கரையும். அதனால் ஸ்பீக்கரையும் சுவிட்சுகளையும் பாதுகாத்துவிட்டு, போர்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் மென்மையாகக் கழுவி, கடைசியில் ஆல்கஹால் ஊற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் நன்கு உலரவிட்டேன். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இதற்குப் போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலும் உப்பு இருக்கிறது.

போர்டு உலர்ந்த பிறகுதான் நடு ஐசியைப் படிக்க முடிந்தது. அது சாக்கெட்டில் செருகியிருந்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பித் தெரியும். ஏவை-3-8500, கீழே 7738. முதல் இரண்டு எண் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம்: 1977ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் இந்த ஐசி தயாரானது. ஆனால் ஐசியின் தேதி பெட்டியின் தேதி ஆகாது. போர்டில் இருக்கும் எல்லா ஐசிகளையும் படித்து, மிகப் பிந்தியதை எடுக்க வேண்டும். பக்கத்தில், பந்து, மட்டை, மதிப்பெண் சமிக்ஞைகளைச் சேர்த்து அனுப்பும் 4072 ஐசியில் 7745. ஆக, நவம்பர் 1977க்கு முன் இந்தப் பெட்டியைப் பூட்டியிருக்க முடியாது.

எண்ணுக்குப் பின்னால் ‘-1’ இல்லை என்பதும் ஒரு செய்தி. 8500 என்று மட்டும் இருந்தால் படத்தை 625 கிடைவரிகளாக வரையும் டிவிக்கானது, அதாவது ஐரோப்பா, வளைகுடா, இந்தியா. 8500-1 என்றால் 525 வரி, அமெரிக்கா. இதே குடும்பத்தில் 8550 என்றால் மட்டை பக்கவாட்டிலும் நகரும். 8700 என்றால் பீரங்கி வண்டிச் சண்டை. 8760 என்றால் மோட்டார் சைக்கிள் சாகசம். ஜெனரல் இன்ஸ்ட்ரூமென்ட் ஐசி இல்லாத பெட்டிகளும் உண்டு. நேஷனல் செமிகண்டக்டரின் எம்எம்57100, மாஸ் டெக்னாலஜியின் 7600 வரிசை ஆகியவற்றைக் கண்டால் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றுக்கு மாற்று ஐசி தேடுவது கடினம்.

மூன்றாவது சாட்சி மாடுலேட்டர். தகரக் கூண்டின்மேல் பென்சிலால் ‘3’ என்று எழுதியிருந்தது. இங்கிலாந்துக்குச் செய்த பெட்டிகள் யுஎச்எஃப் 36ஆம் சேனலில், 591.25 மெகாஹெர்ட்ஸில் படத்தை அனுப்பும். அமெரிக்காவின் 3ஆம் சேனல் 61.25 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் வழங்கிய முறையில் 3ஆம் சேனல் 55.25. 625 வரி ஐசியும் விஎச்எஃப் 3ஆம் சேனலும் சேர்ந்தால் இது இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் செய்ததல்ல. ஐரோப்பியக் கண்டத்துக்கோ வளைகுடாவுக்கோ செய்தது. குளச்சல் வீட்டுக்கு வந்த வழியோடு அது பொருந்தியது. எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்த கணம் அது.

இனி மின்சாரம். பழைய பெட்டிகளில் அடாப்டர் துளையின் நடுமுனை நேர்முனையா எதிர்முனையா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். இன்றைய அடாப்டரை அப்படியே செருகினால் ஐசி போய்விடலாம். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் ஓசை எழுப்பும் நிலையில்) வைத்து, பேட்டரிப் பெட்டியின் எதிர்முனைச் சுருளிலிருந்து துளையின் எந்தப் பக்கத்துக்கு ஓசை வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். இதில் ஓசை எந்தப் பக்கத்துக்கும் வரவில்லை. காரணம் துளைக்குள்ளேயே இருந்தது. அடாப்டர் பின்னைச் செருகும்போது பேட்டரியைத் துண்டிப்பதற்காக உள்ளே ஒரு வளைந்த தகடு உண்டு. பின் இல்லாதபோது அது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடும் இடத்தில் பச்சைப் படலம். ‘பேட்டரி போட்டும் ஓடவில்லை’ என்று எறியப்பட்ட பல பெட்டிகளின் நோய் இந்த ஒரு தகடுதான். மெல்லிய உப்புத்தாள் துண்டை இடையில் விட்டு உருவி, கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் இணைப்பு வந்தது.

கழற்றி வைத்திருந்த ஐசியைச் சாக்கெட்டில் திரும்பப் போடுவதற்கு முன் 9 வோல்ட் கொடுத்து, சாக்கெட்டின் 4ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் இடையே அளந்தேன். சுமார் 7 வோல்ட். இந்த ஐசிக்கு அது சரி. வீங்கியிருந்த இரண்டு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றினேன். ‘எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்று’ என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அளந்து பார்த்துச் சரியாக இருப்பவை அந்தப் பெட்டியின் பகுதி. அவை அங்கேயே இருக்கட்டும்.

ஐசி உயிரோடு இருக்கிறதா என்று அறிய அலையைத் திரையில் காட்டும் அசிலோஸ்கோப் தேவையில்லை. இந்த ஐசிக்குச் சுமார் 2 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வேண்டும். அதன் மூன்று மடங்கு சுமார் 6 மெகாஹெர்ட்ஸ், சிற்றலையின் 49 மீட்டர் அலைவரிசைக்குள் விழும். வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியைக் கேட்பதற்காகப் பல வீடுகளில் வைத்திருந்த சிற்றலை வானொலி ஒன்று என்னிடம் உண்டு. அதைப் பெட்டிக்கு அருகில் வைத்து, 6 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மெல்லத் திருப்பினேன். ஓரிடத்தில் கடுமையான ரீங்காரம். பெட்டியின் சுவிட்சை அணைத்தால் ரீங்காரம் நின்றது, போட்டால் வந்தது. ரீசெட் பொத்தானை அழுத்தினால் அதன் குரல் சற்று மாறியது. துடிப்பு ஓடுகிறது, ஐசி வேலை செய்கிறது. ஸ்பீக்கரிலிருந்து ஒலி வராததற்கு அறுந்த வயர்தான் காரணம். அதை ஒட்டியதும் சுவரில் பந்து மோதும் ‘டிக்’ கேட்டது. படம் இல்லாமலே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

படத்துக்கு நாகர்கோவிலில் டிவி பழுதுபார்க்கும் அண்ணாச்சியிடம் போனேன். புது எல்இடி டிவிகள் படத்தை நிலைநிறுத்த இந்த ஐசி அனுப்பும் எளிமையான சிங்க் சமிக்ஞையைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ‘சிக்னல் இல்லை’ என்று நீலத் திரை காட்டும். அவரிடம் திருகு டியூனர் உள்ள கறுப்பு வெள்ளை டிவி ஒன்று இன்னும் ஓடுகிறது. பெட்டியின் 75 ஓம் வயரை அந்த டிவியின் 300 ஓம் முனைகளில் நேராக மாட்டக் கூடாது; இடையில் இரண்டையும் பொருத்தும் பேலன் ஒன்று வேண்டும். பழைய ஆன்டெனாவிலிருந்து கழற்றிய ஒன்று அவர் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

3ஆம் சேனலில் மங்கலாக ஏதோ அசைந்தது, உடனே பனி. அண்ணாச்சி மாடுலேட்டர்க் கூண்டை விரலால் அழுத்தினார், படம் நின்றது. விட்டார், போனது. ‘தம்பி, கூண்டின் கால் போர்டில் விட்டிருக்கிறது’ என்றார். கூண்டின் நான்கு கால்களில் இரண்டைச் சுற்றி ஈயத்தில் முடி போன்ற வளையக் கீறல். துருவைச் சுரண்டி, ஃபிளக்ஸ் தடவி, பெரிய முனை சால்டரிங் அயர்னால் புது ஈயம் வைத்தேன். கூண்டு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். சின்ன முனையால் நெடுநேரம் சுட்டால் செப்புத் தடம் போர்டிலிருந்து உரிந்துவிடும். பெரிய முனை, குறைந்த நேரம்.

அதன்பிறகு திரையில் நடுக்கோடு, இரண்டு மட்டைகள், மேலே பெரிய கட்டை எழுத்தில் மதிப்பெண். இடது மட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. குமிழில் கோளாறு இல்லை. கைப்பிடிக்குள் வயர் நுழையும் இடத்தில் உள்செம்பு அறுந்திருந்தது. மீட்டரை மாட்டிக்கொண்டு வயரை வளைத்துக்கொண்டே வந்தால் அறுந்த இடம் தானே காட்டிக்கொடுக்கும். வலது மட்டை நடுங்கியது. அது குமிழுக்குள் இருக்கும் கார்பன் தடத்தின் அழுக்கு. கிளீனர் விட்டு இரு பக்கமும் பலமுறை திருகியதும் அடங்கியது. பிறகு அண்ணாச்சியும் நானும் 15 வரை ஆடினோம். யாராவது ஒருவர் 15 எடுத்தால் இந்த ஐசி ஆட்டத்தை முடித்துவிடும். மட்டையைச் சிறிதாக்கி, பந்தின் வேகத்தைக் கூட்டி, கோணத்தை மாற்றும் மூன்று சுவிட்சுகளும் வேலை செய்தன. இவ்வளவு எளிய ஆட்டம் இன்றும் இருவரைச் சிரிக்கவைத்து எதிரெதிரே உட்காரவைக்கிறது. அதற்காகவே இவை காப்பாற்றப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

புது டிவியில் பார்க்க வசதியாக 4072 ஐசியின் வெளியீட்டையும் சிங்கையும் ஒரு டிரான்சிஸ்டர் வழியாகச் சேர்த்து வீடியோ வயர் எடுப்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் கூட்டில் துளை போடக் கூடாது, மாடுலேட்டரைக் கழற்றி எறியவும் கூடாது. பழைய வயர் வெளியேறும் துளை வழியாகவே புது வயரையும் விடலாம். நாளை வேறொருவர் எடுத்தால் பெட்டி பழைய நிலைக்குத் திரும்பும்.

கேசட் உள்ளவற்றைப் பற்றி ஒரு சொல். நம் மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளிலிருந்து வருபவை 1990களின் 60 முனைக் கேசட் பெட்டிகள். 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். உள்ளே யுஏ6527பி, யுஏ6538 என்ற தனி ஐசிகள் இருந்தால் முந்தியவை, பழுது பார்க்கத் தகுந்தவை. கறுப்புப் பசைக் குமிழ் மட்டும் இருந்தால் பிந்தியவை. தட்டையான சவ்வு விசைப்பலகையும் கைப்பிடி வைத்த கேசட்டும் கண்டால் அது 1978இன் பிலிப்ஸ் வீடியோபேக் ஜி7000ஆக இருக்கலாம். உள்ளே இன்டெல் 8048. மர நிறப் பட்டையுள்ள அட்டாரி 2600 கிடைத்தால் முன்பக்கச் சுவிட்சுகளை எண்ணுங்கள்: ஆறு என்றால் முந்தைய வகை, நான்கு என்றால் 1980இலோ அதற்குப் பிறகோ வந்தது. ‘2600’ என்று எழுதிய நகல்களும் ஏராளம் என்பதால் அதையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

சரிசெய்த பெட்டிக்குள் ஒரு அட்டை வைத்தேன்: ஐசி எண், தேதிக் குறிகள், சேனல், துளையின் முனைப்பாடு, மாற்றிய பாகங்கள், வந்த ஊர். பேட்டரி இல்லாமல், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்திருக்கிறேன்; ஆடிச் சாரல் தொடங்கும் முன் அந்தப் பைகளை வெயிலில் காயவைக்க வேண்டும்.

இப்போது மேசையில் இருப்பது அதே கூட்டு வடிவத்தில், கப்பல் வேலைக்குப் போன ஒருவர் வீட்டிலிருந்து வந்த இன்னொரு பெட்டி. இதில் 8500-1. 525 வரி என்பதால் படம் மேலிருந்து கீழாக உருண்டது. கறுப்பு வெள்ளை டிவியின் வி-ஹோல்டு குமிழைத் திருப்பியதும் நின்றுவிட்டது. மட்டைகளும் மதிப்பெண்ணும் வருகின்றன, ஒலியும் வருகிறது. பந்து மட்டும் தெரியவில்லை. 6ஆம் காலிலிருந்து 4072 வரை ஓடும் செப்புத் தடத்தை அடுத்து அளக்கப் போகிறேன்.